முதல் பார்வைக்கு வைத்திருந்த துஆ

இதை எனக்கு முதலில் சொன்னவள் ஜெய்த்தூன் லாத்தா. போன ரபீயுல் அவ்வல் மாதத்தில், அவள் வீட்டில் நபி புகழ் மௌலூது ஓதி முடித்து நெய்ச்சோறு தம்மில் கிடந்த நேரம். நான் பாட்டுக்கு வெங்காயத்துக்குத் தயிர் ஊற்றிக்கொண்டிருந்தேன். “மைமூன், ஒன் நாத்தனா பல்கீஸ் கஃபாவை மொத மொத எதுல பாத்தா தெரியுமா?” என்றாள். “எதுல பாப்பாங்க, கண்ணுலதான்” என்றேன். “கண்ணுல இல்லடி. போன்ல” என்றாள். தயிர்ச் சட்டி என் கையில் அப்படியே நின்றுவிட்டது.

நீ உட்கார் மகளே. பயணம் சொல்ல வந்த பிள்ளையை நிற்கவைத்துப் பேசக்கூடாது. உம்ரா செய்ய மக்காவுக்குக் கிளம்புகிறவர்கள் வீடு வீடாக வந்து “பொறுத்துக்கங்க, ஹலாலாக்கிருங்க” என்று கேட்டுப் போவது நம் ஊர் வழக்கம். நீ எதிர் வீட்டுக்கு வாடகைக்கு வந்த டீச்சர். வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இருந்தும் ஏறி வந்தாய் பார், அது போதும். எனக்கு நீ என்ன பிழை செய்துவிட்டாய் பொறுத்துக்கொள்வதற்கு? எல்லாம் ஹலால்.

இப்போது இதையும் குரூப்பில் போட்டுவிடுகிறார்கள். ஒரு ரோஜாப்பூ. அதன் கீழே, “அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளவும்.” யாருக்குப் பிழை செய்தான், யாரிடம் கேட்கிறான், ஒன்றும் கிடையாது. ரோஜாப்பூவை நான் எப்படிப் பொறுத்துக்கொள்வது? அந்த மாதிரி வந்தால் நான் ஒரு எழுத்துக்கூடப் பதில் எழுத மாட்டேன். ஒரு பச்சை இதயம் போடுவேன், அவ்வளவுதான்.

அதனால்தான் உனக்கு இதைச் சொல்கிறேன் மகளே. போனை ஹோட்டலில் வைத்துவிட்டுப் போ. கஃபா இருக்கிற பள்ளி, அந்த ஹரத்துக்குள் போன் கொண்டுபோனால் பல்கீஸுக்கு நடந்ததுதான் நடக்கும்.

பல்கீஸ் யார் என்றால், என் வீட்டுக்காரரின் தங்கை. அவர் மௌத்தான பிறகும் “மதினி, மதினி” என்று என் காலைச் சுற்றி வந்தவள். பயணம் சொல்ல வந்து இதோ நீ உட்கார்ந்திருக்கிற நாற்காலியில்தான் அவளும் உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, “மதினி, கஃபாவை மொத மொத கண்ணால பாக்குறப்பக் கேக்குற துஆ வீண் போகாதுன்னு பெரியவங்க சொல்லுவாங்கள்ல. அந்த ஒரு துஆவை நான் எனக்குக் கேக்க மாட்டேன். முஸம்மில் உங்ககிட்டப் பேசணும்னு கேப்பேன்” என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவளுக்கே மூட்டுவலி, அவள் மகளுக்கு மாப்பிள்ளை அமையவில்லை. எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு என் பிள்ளைக்காகக் கேட்கிறேன் என்கிறாள். இவளைப்போல உண்டா என்று நினைத்தேன். நினைத்தேன் பார், என்னைச் சொல்லணும்.

முஸம்மில் என் கடைசி மகன். ஷார்ஜாவில் இருக்கிறான். என்னோடு பேசுவதில்லை. அவனுக்குப் பெண் குழந்தை பிறந்த அன்று தொடங்கினது. நான் ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கையில் வாங்கினதும் ஒரு போட்டோ எடுத்து, மாஷா அல்லாஹ் என்று எழுதிக் குடும்ப குரூப்பில் போட்டேன். போடாமல் என்ன செய்வார்கள்? அதில் ஒரு ஓரத்தில் மருமகள் ஆஷிபா கட்டிலில் படுத்திருந்தாள். தலையில் துணி இல்லை. பிள்ளை பெற்ற அலுப்பில் அவளுக்கே தெரியவில்லை. மச்சான் கொழுந்தன் எல்லாரும் அவள் முடியைப் பார்த்துவிட்டார்களாம். “உம்மா, உடனே அழிங்க” என்று முஸம்மில் கத்தினான். “எல்லாரும் நம்ம ஆளுகதானே, அதுல என்னடா இருக்கு?” என்றேன். அழிக்கத்தான் நினைத்தேன். அதற்குள் அறுபது பேர் மாஷா அல்லாஹ் போட்டுவிட்டார்கள். அத்தனை பேருடைய துஆவையும் எப்படி அழிப்பது? இதற்குப்போய் பெற்ற தாயை பிளாக் பண்ணிவிட்டான். இந்தப் போன் இருக்கிறதே, இது பிள்ளைகளை அப்படி ஆக்கிவிட்டது. ஒரு ஓரத்தில் தெரிந்த முடி பெரிதாகப் போய்விட்டது, உம்மா சின்னதாகப் போய்விட்டாள்.

சரி, பல்கீஸ் கதைக்கு வருகிறேன்.

அவள் கிளம்பின அன்றிலிருந்து அவளுடைய ஸ்டேட்டஸ் ஓய்ந்தபாடில்லை. பெட்டி கட்டுவது ஒன்று. பெட்டியை எடை போடுவது ஒன்று. விமான ஜன்னல் ஒன்று. விமானத்தில் கொடுத்த பிரியாணி ஒன்று. உம்ராவுக்கென்று இஹ்ராம் நிய்யத் வைத்தவள் உதடு லப்பைக் ஓதிக்கொண்டே இருக்கணும். இவள் உதடு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறது. வணக்கம் அல்லாஹ்வுக்கா, இல்லை ஊர் பார்ப்பதற்கா? தூ! நான் ஒன்றுவிடாமல் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கு அருவருப்பாக வந்தது. அந்தப் பிரியாணியை மட்டும் இரண்டு தடவை பார்த்தேன், பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பது யார் என்று தெரியவேண்டி.

இனி ஜெய்த்தூன் லாத்தா சொன்னது. அவளும் பல்கீஸோடு அதே உம்ரா குரூப்பில் போனவள். ஒரு சொல் கூட்டாமல் சொல்கிறேன்.

அஸர் தொழுத பிறகு, குரூப்புக்கு வழிகாட்டியாக வந்த ஹஜ்ரத் அவர்களை ஹரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாராம். சின்ன வயது ஹஜ்ரத், தாடி இப்போதுதான் நிறைந்திருக்கிறது. வாசலில் நிறுத்தி, “எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கங்க. முன்னாடி போறவங்க காலை மட்டும் பாருங்க. நான் சொன்ன பிறகு நிமிருங்க. நிமிர்ந்த உடனே உங்க துஆவைக் கேட்டுடுங்க” என்றாராம்.

பல்கீஸ் தலையைக் குனிந்தாள். முன்னால் ஜெய்த்தூன் லாத்தாவின் வெள்ளைக் காலுறை. அதைப் பார்த்தபடியே நடந்தாள். பளிங்குத் தரை குளுகுளு என்று இருந்தது. சுற்றி எத்தனையோ பாஷை, எத்தனையோ அழுகை. இவள் வாய்க்குள் ஒரே பேர். முஸம்மில், முஸம்மில். நிமிர்ந்ததும் அழுகை வந்து பேர் தொலைந்துவிடக் கூடாதே என்று, பரீட்சைக்குப் போகிற பிள்ளைபோலச் சொல்லிக்கொண்டே போனாள். படி வந்தது. முழங்கால் வலித்தது, அதுகூட அவளுக்குப் பொருட்டாக இல்லை. நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டதாம். “கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளை ரூமுக்குள்ள வந்தப்பகூட எனக்கு இப்படி அடிக்கல லாத்தா” என்று பிறகு சொன்னாளாம், வெட்கங்கெட்டவள்.

கடைசிப் படியும் இறங்கியாயிற்று. ஹஜ்ரத் இன்னும் சொல்லவில்லை. அந்த நேரம் அவள் தோள்பையில் போன் அடித்தது.

அடித்தால் என்ன? அடித்துவிட்டுப் போகட்டும். அல்லாஹ்வுடைய வீட்டு முற்றத்தில் நிற்கிறவள் காதில் போன் சத்தம் விழலாமா? இவள் காதில் விழுந்தது. முதலில் எடுக்கவில்லையாம். ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அதையும் விட்டாளாம். மறுபடியும் அடித்தது. பக்கத்தில் நின்ற துருக்கிக்காரி ஒருத்தி முகம் சுளித்தாளாம். அப்போது இவள் கை பைக்குள் போய்விட்டது.

யாரா? நான்தான்.

ஏன் மகளே அப்படிப் பார்க்கிறாய்? இங்கே அப்போது மஃரிபு. தொழுதுவிட்டு நான் முசல்லா விரிப்பை விட்டு எழும்பக்கூட இல்லை. தஸ்பீஹ் மணி கையில் ஓடிக்கொண்டிருந்தது. இந்நேரம் ஹரத்துக்குள் போவார்களே, இவள் மறதிக்காரி ஆயிற்றே, முஸம்மில் பேரை ஒரு வார்த்தை நினைவூட்டுவோம் என்று வீடியோவில் கூப்பிட்டேன். நினைவூட்டுவது நன்மை. முசல்லாவில் உட்கார்ந்துதானே கூப்பிட்டேன், சினிமாக் கொட்டகையிலா உட்கார்ந்து கூப்பிட்டேன்? நான் கூப்பிட்டால் அவள் எடுத்தே தீரணும் என்று சட்டமா?

எடுத்தாள். அதே நொடியில் ஹஜ்ரத் “நிமிருங்க” என்றாராம்.

எல்லாரும் நிமிர்ந்தார்கள். பல்கீஸும் நிமிர்ந்தாள். அவள் கண்ணுக்கும் கஃபாவுக்கும் நடுவில் போன் இருந்தது. முதலில் அதில் தெரிந்தது அவள் மூஞ்சி. பதறிப்போய்க் கேமராவைத் திருப்பினாள். தீப்பெட்டி அளவில் கஃபா வந்தது. ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நான். “மதினி, தெரியுதா? தெரியுதா மதினி?” என்றாள். “தெரியுதுடி. கொஞ்சம் மேல தூக்கு, ஒருத்தன் தலை மறைக்குது” என்றேன். தூக்கினாள். “வலது பக்கம்” என்றேன். திருப்பினாள். எனக்கென்ன தெரியும் மகளே? பார்த்து முடித்து, கேட்டு முடித்து, பிறகுதான் எனக்குக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். இங்கே முசல்லாவில் நான் அழுத அழுகை இருக்கிறதே! அப்போது பார்த்து நெட் சுற்ற ஆரம்பித்துவிட்டது. “யா அல்லாஹ், இது நின்னுடக் கூடாதே, இது நின்னுடக் கூடாதே” என்று நெஞ்சு உருகிக் கேட்டேன். அப்படி ஒரு துஆ என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை. நின்றுவிட்டது.

அங்கே பல்கீஸ் போனைக் கீழே இறக்கினாள். இப்போது கஃபா கண்ணுக்கு நேரே நின்றது. கருப்பாக, பெரிதாக, கிட்டத்தில். சுற்றி எல்லாரும் கையேந்தி அழுகிறார்கள். இவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. வாயில் பேர் இருக்கிறது, வெளியே வரவில்லை. இது முதல் பார்வை இல்லையே, முதல் பார்வை கண்ணாடிக்குள் போய்விட்டதே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஹஜ்ரத்திடம் ஓடினாளாம். “ஹஜ்ரத், போனுக்குள்ள பாத்தது மொத பார்வையா, இப்பப் பாக்குறது மொத பார்வையா?” என்று சின்னப் பிள்ளைபோலக் கேட்டாளாம். அவர் என்ன சொல்லுவார்? “அதை அல்லாஹ்கிட்ட விடுங்கம்மா. இப்பக் கேளுங்க. எப்பக் கேட்டாலும் கேக்குறவன்” என்றாராம். எப்போது கேட்டாலும் கேட்பான் என்றால் அத்தனை பேரையும் எதற்குத் தலை குனியச் சொன்னார்? இந்தக் காலத்து ஹஜ்ரத்மார்கள் இப்படித்தான். சட்டையில் ஒரு சின்ன மைக் குத்திக்கொள்வது, நாலு பேர் மனம் நோகாமல் பேசுவது.

கொஞ்சம் இரு. பாங்கு சொல்கிறார்கள். பேசக்கூடாது.

ம். அஸருக்கு நேரம் இருக்கிறது, தொழுதுகொள்ளலாம். பாங்குக்கு மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டேதான் இந்தப் போனைத் தொட்டேன் மகளே, நீ பார்த்தாய், வாய் திறக்கவில்லை. வெளிச்சம் வந்தது. யார் என்று பார்க்கவேண்டாமா? ஆஷிபாவின் உம்மா, என் சம்பந்தி, ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறாள். இங்கே வா, பார். இவள்தான் என் பேத்தி. ஹம்தா. நடக்கிறாள் பார். பிஸ்கட்டைப் போட்டுவிட்டாள், எடுக்கப்போய் உட்கார்ந்துவிட்டாள், பார், பார். மறுபடி போடுகிறேன். நான் அவளைத் தூக்கினது ஆஸ்பத்திரியில் அந்த ஒரு தடவைதான். இப்போது நடக்கிறாள். என்னைக் கண்டால் யார் என்று கேட்பாள். எனக்கு இதில்தான் பேத்தி. நாளைக்கு இந்நேரம் இதுவும் மறைந்துவிடும், அதற்குள் நாலைந்து தடவை பார்த்துக்கொள்வேன். ராமநாதபுரத்துக் கண் டாக்டர் “போனைக் கொறைங்கம்மா, அதான் கண்ணுல தண்ணி வடியுது” என்கிறார். நான் எங்கே போன் பார்க்கிறேன்? ஊரில் பார்க்கிறவர்களை எல்லாம் விட்டுவிட்டு என்னிடம் சொல்கிறார்.

எங்கே விட்டேன்? ஆங். திரும்பி வந்தாள் பல்கீஸ். ஜம்ஜம் தண்ணீர், பேரீச்சம்பழம், எனக்கென்று ஒரு முசல்லா. “கேட்டியாடி?” என்றேன். அவள் என் மடியில் தலையை வைத்து அழுதாள். கேட்ட நிறைவில் அழுகிறாள் என்று நினைத்து, நானும் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அன்றிலிருந்து போன் அடிக்கும்போதெல்லாம் முஸம்மிலோ என்று ஓடினேன். ரபீயுல் அவ்வலில் ஜெய்த்தூன் லாத்தா வாயைத் திறக்கும்வரைக்கும் ஓடினேன்.

அந்த நெய்ச்சோற்றை நான் தொடவில்லை. நேரே பல்கீஸ் வீட்டுக்குப் போனேன். “என் பிள்ளைக்கு வச்சிருந்த துஆவைப் போனுக்குக் குடுத்திட்டியேடி” என்றேன். அவள் மெதுவாக, “மதினி, நீங்கதானே கூப்பிட்டீங்க. எடுக்கலன்னா எடுக்கற வரைக்கும் அடிப்பீங்க. அப்புறம் ஏன் எடுக்கலன்னு கோச்சுக்குவீங்க” என்றாள். பார்த்தாயா? பழியை எங்கே கொண்டுவந்து இறக்குகிறாள் பார்த்தாயா? அன்றோடு அவள் வாசலை நான் மிதிக்கவில்லை.

சும்மாவும் விடவில்லை. பிறர் பார்க்க வணங்குகிறவர்களைப் பற்றி ஒரு மௌலானாவின் பயான் பேச்சு, நெருப்பு மாதிரி இருக்கும். அதை ஸ்டேட்டஸில் வைத்தேன். பேர் சொல்லவில்லை. நம் குணம் அது இல்லை. வைத்துவிட்டு, யார் யார் பார்த்தார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஊரே பார்த்திருக்கிறது. இவள் பேர் மட்டும் இல்லை. மறுநாளும் வைத்தேன். இல்லை. என்ன என்று விசாரித்தால், மக்காவிலேயே அந்தப் போனை அணைத்துப் பெட்டியில் போட்டவள், இங்கே வந்து மகளிடம் கொடுத்துவிட்டாளாம். பட்டன் போன் வைத்திருக்கிறாளாம். அங்கே இருந்த மீதி நாள் எல்லாம் கஃபாவைச் சுற்றின ஒவ்வொரு தவாஃபிலும் முஸம்மில் பேரைச் சொல்லித்தான் கேட்டாளாம், ஜெய்த்தூன் லாத்தா சத்தியம் பண்ணுகிறாள். முதல் பார்வையைத் தொலைத்துவிட்டுப் பிறகு கேட்டு என்ன? ஒரே நாளில் பெரிய மகான், வலியுல்லாஹ் ஆகிவிட்டாள்! முன்பு பிரியாணியைக் காட்டினாள், இப்போது பட்டன் போனைக் காட்டுகிறாள்.

இன்னும் கேள். போன மாதம் அவளே இங்கே வந்தாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. “மதினி, முஸம்மில் பேசினான்” என்கிறாள். “யார்கிட்ட?” என்றேன். “எங்கிட்டத்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு கூப்பிட்டான். உம்மா கேமரா போனை விட்டுட்டு ஒரு சாதாப் போன் வச்சுக்கிட்டா, அன்னிக்கே கூப்பிடுறேன், லீவுக்குப் புள்ளையையும் கூட்டிட்டு வர்றேன்னு சொன்னான். ஆஷிபாவும் சரின்னுட்டா” என்று சொல்லிவிட்டு, ஒரு டப்பாவை நீட்டுகிறாள். பட்டன் போன். சிம் போட்டு, அவன் நம்பரையும் ஏற்றி வைத்திருக்கிறாளாம்.

பெற்ற தாய்க்கு நிபந்தனை! அதற்கு இவள் தூது! போனை விட்டால் வருகிறானாம். நான் என்ன சாராயமா குடிக்கிறேன், விட்டுவிட்டு வா என்பதற்கு? இதை விட்டுவிட்டால் நான் ஹம்தாவை எதில் பார்ப்பேன், சொல். அவன் வருகிறேன் என்றுவிட்டு வராமல் இருந்தால்? இது கையில் இருக்கிறது, தினம் வருகிறது. அது வரும் வரும் என்கிறது. “அவன் எந்த நிபந்தனையும் இல்லாமத் தானா வரணும். அதுதான் அல்லாஹ் துஆவை ஏத்துக் கபூலாக்குனதுக்கு அடையாளம்” என்று சொல்லிவிட்டேன். பல்கீஸ் டப்பாவை வாசல் திண்டில் வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். அந்த டப்பா இதோ அலமாரிமேல்தான் கிடக்கிறது. பிரிக்கவில்லை. தூசி படியவேண்டாம் என்று துடைத்துமட்டும் வைப்பேன்.

எழும்பிவிட்டாயா? தேயிலை ஆறிப்போய்விட்டதே, நீ குடிக்கவே இல்லை. சரி, உனக்கும் வேலை கிடக்கும். ஃபீ அமானில்லாஹ், நல்லபடியாகப் போய் வா. நிமிர்ந்ததும் முஸம்மிலுக்காகக் கேட்பாய் அல்லவா? உன்னுடையதைப் பிறகு கேட்டுக்கொள், அவன் எப்போது கேட்டாலும் கேட்கிறவன். முஸம்மில், உம்மா பேர் மைமூன். மறந்துவிடாதே.

ஒரே ஒரு சின்ன உதவி மட்டும். போனை ஹோட்டலில் வைத்துவிட்டுப் போ என்றேனே, மற்ற நாளெல்லாம் அப்படியே செய். முதல் நாள் மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போ. தலை நிமிர்வதற்கு முன்னால் எனக்கு ஒரு வீடியோ கால் போடு. நீ அவன் பேரைச் சொல்கிறாயா என்று நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன் மகளே. சும்மா பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.